கோரையும் நாற்பத்திரண்டு அடிப் பாத்தியும்

லேப் அக்காவுக்கு அந்தப் புல்லை முதலில் அடையாளம் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்து, கண்ணுக்கே தெரியாத கிருமிகளை இன்னது இன்னது என்று பிரித்துச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள், தன் வீட்டு வாசலில் விரல் நீளத்துக்கு நின்ற ஒரு புல்லிடம் ஏமாந்துபோனாள். ஏமாந்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வாரம் அதற்குத் தண்ணீர் வேறு ஊற்றினாள்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் லேப் அக்காதான். ஓய்வுபெற்ற பிறகு தெருவிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவள் வேலை பார்த்த கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் ஜெனரேட்டர் அறையின் பின்சுவர். அத்தனை வருடமும் அந்தச் சுவரைப் பார்த்தபடியே டீ குடித்தவள், வேலையை விட்டு வந்ததும் முதல் காரியமாக வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரமாகப் பூப்பாத்தி போடுவது என்று எப்போதோ தீர்மானித்து வைத்திருந்தாள். கேட்டிலிருந்து பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி வரை நாற்பத்திரண்டு அடி நீளம், மூன்றடி அகலம். வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் பதினோரு வருடமாக அங்கேயே கிடந்தன. அவற்றை ஆள் வைத்து அள்ளிப் போட்டுவிட்டு ஒரு லாரி மண் இறக்கினாள். செம்மண். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சனியனும் அதே லாரியில்தான் வந்து இறங்கியிருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சுவரை ஒட்டி ஆறு ரோஜா, இரண்டு செம்பருத்தி. அவற்றுக்கு முன்னால், நடைபாதை ஓரமாக, மழை லில்லிக் கிழங்கு இருநூறு. மழை பெய்த மறுநாள் காலையில் பாத்தி முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். ஒன்பதாம் நாள் பச்சையாக, ஊசி ஊசியாக ஏதோ மண்ணை முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. லேப் அக்கா கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் டவுன் பஸ் டிரைவராக இருபத்தெட்டு வருடம் ஒரே ரூட்டில் வண்டி ஓட்டியவர். அவளுக்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். எதையும் ஒரு பார்வை பார்த்துச் சட்டென்று முடிவு சொல்வது அவர் பழக்கம். குனியாமலே பார்த்துவிட்டு, புல்லு மாதிரி இருக்கே என்றார். லில்லியின் இலையும் அப்படித்தான் இருக்கும் என்று லேப் அக்கா அவர் வாயை அடைத்துவிட்டாள். அப்புறம் இரண்டு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். பூனை வந்து மண்ணைக் கிளறினால் விரட்டினாள். நடைபாதையைக் கழுவும்போது அந்த ஊசிகள் மேல் சோப்புத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டாள். அவையும் நன்றிக்கடன் போலக் கிடுகிடுவென்று வளர்ந்தன.

பாக்கியிருந்த ஒரு ரோஜாச் செடியைக் கொடுக்க வந்த நர்சரிக்காரர் கேட்டுக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டார்.

"கோரையை எதுக்குக்கா வரிசையா வளர்க்கறீங்க?"

ஒரு தண்டைப் பறித்து அவள் விரல்களுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்க்கச் சொன்னார். உருண்டையாக இல்லை. மூன்று முனை விரலில் தட்டுப்பட்டது. புல் என்றால் உருளும், மூன்று பட்டை இருந்தால் கோரை, இதற்கு மைக்ராஸ்கோப்பெல்லாம் வேண்டாம் என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. இருந்தாலும் லேப் அக்காவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நிஜ லில்லிகள் அப்போதுதான் இரண்டங்குலத்துக்கு, நோஞ்சான் பிள்ளைகள் மாதிரி, கோரையின் நிழலில் தலைகாட்டியிருந்தன.

அன்று மாலையே பிடுங்க உட்கார்ந்தாள். ஒரு பழைய முக்காலி, ஒரு வாளி. கோரையைப் பிடித்து இழுத்தால் சுகமாகக் கையோடு வந்துவிடுகிறது. 'பட்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் வாளி நிறைந்தது, பாத்தி மொட்டையாயிற்று. இதற்கா அந்த மனுஷன் அவ்வளவு பயமுறுத்தினார் என்று நினைத்துக்கொண்டு கை கழுவினாள். ஐந்தாம் நாள் பிடுங்கிய இடத்திலெல்லாம் மறுபடி பச்சை ஊசி. மறுபடி பிடுங்கினாள். மறுபடி முளைத்தது. ஒரு மாதம் இப்படியே போயிற்று. முடிவெட்டிக்கொண்டு போய்ப் பத்து நாளில் திரும்பி வரும் வாடிக்கையாளர் மாதிரி அது அவளிடம் வந்து வந்து போயிற்று.

டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் அவள் பாங்குக்குப் போய்த் திரும்புவதற்குள் மண்வெட்டியை எடுத்துப் பாத்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மூச்சாகக் கொத்திப் புரட்டிப் போட்டுவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆள் ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

"கையால கிள்ளிக்கிட்டு உட்கார்ந்தா நடக்குமா? வேரோட கெளப்பியாச்சு. இனி வராது."

வந்தது. பதினைந்து நாளில் தலைமுடி மாதிரி அடர்ந்து வந்தது. முன்பு கை அகலத்துக்கு ஒன்று இருந்த இடத்தில் இப்போது விரல் அகலத்துக்கு ஒன்று.

லேப் அக்காவுக்கு அப்போதுதான் புத்தி வேலைக்குத் திரும்பியது. நோய் என்னவென்று பார்க்காமல் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தோண்டி, மண்ணோடு பெயர்த்தெடுத்து, தொட்டியடியில் வைத்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, பழைய செய்தித்தாளில் பரப்பினாள். மேலே இருந்தது ஒரே ஒரு செடி. அதற்குக் கீழே சுண்டுவிரல் நகம் அளவில் கறுப்பாக ஒரு கிழங்கு. அதிலிருந்து கம்பி போல ஒரு வேர் ஓடி, அதில் இன்னொரு கிழங்கு. அப்படியே கோத்த மணி மாதிரி ஏழு. கடைசிக் கிழங்கு ஒரு சாண் ஆழத்தில் இருந்தது. ஒன்றை நசுக்கி முகர்ந்தாள். வாசனையாக வேறு இருந்தது. அது அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

மேலே பிடித்து இழுத்தால் தலை மட்டும் அறுந்து வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும். மண்வெட்டியால் கொத்தினால் கோவை அறுந்து ஏழும் ஏழு குடும்பமாகத் தனிக்குடித்தனம் போகும். இதைச் செய்தித்தாளில் காட்டி டிரைவருக்கு விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் ஆழமாகக் கொத்தியிருக்க வேண்டும், அதுதான் தப்பு என்றார்.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று கறுப்புப் பிளாஸ்டிக் வாங்கி வந்து பாத்தி முழுக்க மூடி, ஓரத்தில் கல் வைத்தார்கள். வெயிலே படாவிட்டால் செத்துத்தானே ஆக வேண்டும்? ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் மட்டும் வட்டமாகக் கத்தரித்து விட்டாள். லில்லிகள் இருந்த இடம் தெரியாததால் அவையும் மூடிக்குள் மாட்டிக்கொண்டன. மூன்று வாரம் நிம்மதியாக இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் பிளாஸ்டிக்கின் மேல் குண்டூசி குத்தியது போலப் பச்சை முனைகள். கோரை பிளாஸ்டிக்கை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்திருந்தது. விலக்கிப் பார்த்தபோது பாதி லில்லிகள் அழுகிக் கூழாகியிருந்தன. லேப் அக்கா அந்தப் பிளாஸ்டிக்கைச் சுருட்டிப் போட்ட விதத்தைப் பார்த்து டிரைவர் உள்ளே நழுவிவிட்டார்.

இதற்கிடையில் அவளுக்குச் சந்தேகம் சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று. பக்கத்து வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார். அவரும் ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், தனியாள். பகலெல்லாம் வராந்தாவில் நாற்காலி போட்டு எண்புதிர் போட்டுக்கொண்டிருப்பார். அவர் வீட்டுப் பக்கம் முற்றமே கோரைதான். முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் கொத்து வைத்து ஆடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அஸ்திவாரம் ஒரு சாண்கூடக் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். கட்டியவனோடு அப்போதே சண்டை போட்டவள் அவள்தான். சுவருக்கு மேலாக எட்டி, உங்கள் பக்கத்திலிருந்தும் அடியில் வருகிறது போலிருக்கிறது, கொஞ்சம் சுத்தம் செய்தால் நன்றாக இருக்கும் என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

வாத்தியார் பேனாவை மூடிவிட்டு யோசித்தார்.

"எங்க பக்கமும் இருக்கு, உங்க பக்கமும் இருக்கு. சமன்பாட்டுல ரெண்டு பக்கமும் இருக்கறதை அடிச்சுடலாம் மேடம்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். லேப் அக்காவும் உதட்டளவில் சிரித்துவிட்டு வந்து, அன்று ராத்திரி சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பொரிந்து தள்ளினாள். டிரைவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் நாள் முழுவதும் முக்காலியில்தான் இருந்தாள். நர்சரியிலிருந்து மூன்று பல் வைத்த ஒரு கைக்கருவி வாங்கியிருந்தாள். வீட்டில் அதற்கு முள்கரண்டி என்றே பெயராயிற்று. அதைப் பக்கவாட்டில் குத்தி, மண்ணை நெகிழ்த்தி, கோவை அறுந்துவிடாமல் ஒவ்வொன்றாக உருவி எடுப்பாள். ஒரு காலைப்பொழுதுக்கு இரண்டடி. பத்தாவது அடிக்குப் போவதற்குள் முதல் அடியில் முளைத்துவிடும். மகள் போன் செய்தாலும் தோளில் போனை இடுக்கிக்கொண்டு கோரைக் கதைதான். ஒரு நாள் மகள், அம்மா, நான் வேலை மாறப்போறேன்னு சொன்னேனே, அது காதில் விழுந்ததா என்று கேட்டாள். விழவில்லை.

அந்த வேலை மாற்றத்துக்காக மகள் வேறு ஊருக்கு வீடு மாற்றினாள். சாமான் கட்ட உதவிக்கு லேப் அக்கா நான்கு நாள் போய்விட்டு வந்தாள். கிளம்பும்போது டிரைவரிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். மண்வெட்டியைத் தொடக் கூடாது.

அவர் மண்வெட்டியைத் தொடவில்லை. களைக்கொல்லி வாங்கி வந்து அடித்துவிட்டார். பாட்டிலில் அச்சிட்டிருந்த அளவுக்கு இரண்டு மடங்கு கலந்து, தோளில் மாட்டும் தெளிப்பானை வாடகைக்கு எடுத்து, நல்ல காற்று வீசிய ஒரு மத்தியானத்தில், நாற்பத்திரண்டு அடியும். லேப் அக்கா திரும்பி வந்து கேட்டைத் திறந்தபோது கோரை லேசாகத்தான் வெளிறியிருந்தது. ரோஜா இலைகள் மஞ்சளாகிச் சுருண்டிருந்தன. செம்பருத்தி ஒன்று இலையையெல்லாம் கொட்டிவிட்டுக் குச்சியாக நின்றது. அவள் பையைக் கீழே வைக்காமலே அந்த முனைவரை நடந்து போய்விட்டு வந்தாள்.

"யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

"நீ வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்னு பார்த்தேன்."

"முடிச்சுட்டீங்க."

 அடுத்த ஒன்பது நாள், டீ வைத்திருக்கிறது, தண்ணீர் வரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது என்பதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சில்லை. கோரை மஞ்சளாகிப் படுத்தது. அதைப் பார்த்துவிட்டு டிரைவர் ஒரு நாள், செத்துப்போச்சு பாரு என்று சமாதானமாக ஆரம்பித்தார். லேப் அக்கா ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்து, நகத்தால் கீறி, உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்ததை அவர் கண் முன்னால் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். ரோஜாக்களில் துளிர்த்தவையும் நூல் மாதிரி மெலிந்து, முறுக்கிக்கொண்டு, இலை என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றாக வந்தன. ஆறில் நான்கு தேறாது என்று தெரிந்துவிட்டது.

பத்தாம் நாள் மாலை அவள் அந்த நான்கையும் தூரோடு வெட்டிக்கொண்டிருந்தாள். டிரைவர் வாசற்படியில் வந்து நின்றார்.  அப்புறம் பேசினார்.

"எனக்கு அந்தப் புல்லு மேல கோபம் இல்ல. நான் ரெண்டு வருஷமா இந்த வீட்டுல ஒத்தையா உட்கார்ந்து, நீ எப்ப ரிட்டையர் ஆவேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். இருபத்தெட்டு வருஷம் ஒரே ரோடு. பின்னாடி சீட்டுல உன்னோட உட்கார்ந்து, எவனோ வண்டிய ஓட்ட, எங்கயாவது போகணும்னு இருந்தேன். நீ வந்தே. முக்காலியைப் போட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தே. எட்டு மாசமா உன் முதுகைத்தான் பார்க்கறேன்."

லேப் அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"முதுகுகிட்ட என்னத்தைச் சொல்றது?"

அவளுக்கு உடனே மனம் இளகிவிட்டது என்று சொன்னால் அது பொய். வெட்டிப்போட்ட ரோஜா காலடியில் கிடந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விஷத்தை அடித்துவிட்டு வந்து நிற்கிற மனுஷன் மேல் கோபம் கோபமாகத்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை என்பதும் உறைத்தது. எட்டு மாதத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் இல்லை. பரிசோதனைக்கூடத்திலும் அவள் அப்படித்தான். சாம்பிளைத் தவிர எதுவும் கண்ணில் படாது.

மறுநாள் காலை டீயோடு அவளே பேச்சை ஆரம்பித்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் வழியில் முழுசாகச் செய்துவிட வேண்டும். மண்வெட்டி, மருந்து, யாரோ சொன்ன வைத்தியம் எதுவும் கிடையாது. பாத்தியையே காலி செய்து, மண்ணைச் சலித்து எடுப்பது. அது முடிந்தபின் வியாழக்கிழமை அவருடையது, எங்கே கூப்பிட்டாலும் வருவாள். டிரைவர் யோசிக்கவே இல்லை. வியாழனோடு ஞாயிறும் வேண்டும் என்றார். பேரம் வியாழனில் நின்றது.

இருந்த செடிகளைப் பெயர்த்து, வேரைக் கழுவி, பூந்தொட்டிகளில் வைத்தார்கள். மிஞ்சிய லில்லி அறுபத்து மூன்று. டிரைவர் மாடியில் கிடந்த ஒரு பழைய இரும்புக் கட்டிலின் சட்டத்தில் கம்பி வலை கட்டி, நாலு மூலையிலும் கயிறு போட்டு, இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டார். ஒரு கூடை மண்ணைக் கொட்டி இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக ஆட்டினால், மண் கீழே விழும், கல்லும் கிழங்கும் மேலே நிற்கும்.  மண் காய்ந்திருந்தால்தான் சலிக்கும் என்று கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான். அதனால் முதல் நாள் வெட்டி எடுத்ததை நடைபாதையில் பரப்பிக் காயவைத்து, மறுநாள் சலித்தார்கள்.

ஆரம்பிப்பதற்கு முன் ஓர் அடிக்கு ஓர் அடி அளந்து, அதில் படுத்ததும் புதிதாக நிமிர்ந்ததுமாக எத்தனை முளை இருக்கிறது என்று எண்ணினாள். தொண்ணூறு. இது பழைய தொழில் புத்தி. எண்ணாமல் அவளால் எதையும் நம்ப முடியாது.

ஆறு வாரம். முதுகு போயிற்று, நகக்கண்ணில் மண் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஒரு சாண் ஆழம் போதும் என்று நினைத்தது இரண்டு சாணாக ஆயிற்று. பக்கெட் பக்கெட்டாகக் கிழங்கு சேர்ந்தது. அதைக் குப்பையில் போட்டால் வேறு எவர் தலையிலோ போய் முளைக்கும் என்று, தகர டின்னில் போட்டுக் கொளுத்தினார்கள். இடையில் இரண்டு தரம் சண்டை வந்தது. ஒருமுறை டிரைவர் சலிக்காத மண்ணை ஒரு கூடை சலித்த மண்ணோடு தவறிக் கொட்டிவிட்டார். அவள் அந்தக் குவியல் முழுவதையும் மறுபடி சலிக்க வைத்தாள். அவர் அன்று மாலை வரை முணுமுணுத்துக்கொண்டே ஆட்டினார்.

சுவர் ஓரத்தைத் தோண்டியபோது அவள் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. அஸ்திவாரத்துக்கு அடியில் அந்தப் பக்கத்திலிருந்து கம்பி கம்பியாக வேர் வந்துகொண்டிருந்தது. வாத்தியார் தினமும் சுவர் மேல் கையை ஊன்றி இந்த வேலையை வேடிக்கை பார்ப்பார். லேப் அக்கா ஒரு வேரைத் தூக்கி அவருக்குக் காட்டினாள்.

"சார், இது உங்க வீட்டுல பொறந்து எங்க வீட்டுல குடியிருக்கு."

வாத்தியார் இந்தத் தரம் சமன்பாடு எதுவும் சொல்லவில்லை. டிரைவர் பழைய டிப்போவுக்குப் போய், உடைத்துப் போட்ட ஒரு பஸ்ஸின் பக்கவாட்டுத் தகடுகளைக் கேட்டு வாங்கி வந்தார். அவற்றைச் சுவரடியில் இரண்டு சாண் ஆழத்துக்கு வரிசையாக நிறுத்திப் புதைத்தார்கள். ஒரு தகட்டில் பாதி எண் இன்னும் அழியாமல் இருந்தது. அதை அவர் எண் தன் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்து மண்ணைத் தள்ளினார். சில நாள் கழித்து வாத்தியார் ஆள் பிடித்துத் தன் முற்றத்தில் புல்லை வெட்டிவிட்டார். தரையோடு வெட்டினாரே தவிரத் தோண்டவில்லை. லேப் அக்கா அதைப் பார்த்துவிட்டு, தலைமுடியை மட்டும் வெட்டிவிட்டாராம் என்று உள்ளே வந்து அலுத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் திரும்ப நட்டு முடித்த நாளில் பாத்தி பார்க்கவே அத்தனை நன்றாக இருந்தது. மண் மாவு மாதிரி. ஒரு பச்சை கிடையாது. நான்காம் நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. லேப் அக்கா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். மழை விட்டு ஆறாம் நாள் காலை, லில்லிகள் இருபது முப்பது மொட்டு விட்டிருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை. அவற்றுக்கு நடுவில் பளபளவென்று ஊசி ஊசியாக நின்றவற்றைத்தான் பார்த்தாள். முக்காலிகூட இல்லாமல் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்து எண்ணினாள். நூற்று முப்பத்தேழு.

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. உள்ளுக்குள் ஏதோ சப்பென்று வடிந்துபோனது. முழங்கையில் மண்ணோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் சுவருக்கு மேல் தலை நீட்டி விவரம் கேட்டுக்கொண்டார். முன்னால் எண்ணிய தொண்ணூறை எப்படியோ ஞாபகம் வைத்திருந்தார். கண்ணை மூடி உதட்டை அசைத்தார்.

"நூத்தி இருபத்தாறு சதுர அடி. பதினோராயிரத்துச் சொச்சம் இருந்திருக்கும். இப்ப ஒண்ணே கால் சதவீதம்கூட இல்ல மேடம்."

"சார், ரத்தத்துல அரை சதவீதம்கூட இருக்கக் கூடாத பொருள் நிறைய இருக்கு."

வாத்தியார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் பாராட்டத்தான் வந்தார் என்று அவளுக்கு அப்புறம்தான் தோன்றியது.

டிரைவர் முள்கரண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். தனக்கு ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்திருந்தார். ஆளுக்கொரு முனையிலிருந்து உட்கார்ந்தார்கள். மண் பொலபொலவென்று இருந்ததால் அறுபடாமல் கிழங்கோடு உருவி வந்தது. மத்தியானத்துக்குள் நூற்று முப்பத்தேழும் வாளிக்குள் இருந்தன. ஒன்பது மட்டும் அறுந்துவிட்டன. அவற்றில் ஏழு டிரைவர் கைங்கரியம். அவள் அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள்.

அடுத்த வியாழன் வந்தது. அவர் காலையிலேயே தலை வாரிச் சட்டை மாற்றித் தயாராக நின்றார். அவளுக்கு அந்த முதல் பயணம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மூன்று மணி நேரம் பஸ், ஒரு மலை, ஒரு ஏரி, ஒரு படகு. படகில் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது, மண் காய்ந்திருக்கும் என்றாள்.  இரண்டாவது வியாழன் வழியில் ஓர் ஓட்டல் வாசலில் பாத்தி முழுக்கக் கோரையைக் கண்டு, நின்று, ஒரு தண்டைப் பறித்து உருட்டிப் பார்த்தாள். மூன்று பட்டை. அவருக்குக் காட்டியபோது முகத்தில் எதிரியைக் கண்டுபிடித்த திருப்தி இருந்தது. போகப் போக, திரும்பி வரும்போது மகளுக்குப் போன் செய்து எங்கே போனோம் என்று சொல்லும் அளவுக்கு வந்தாள். மகள் புது வேலையைப் பற்றிச் சொன்னதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

இப்போது இரண்டாவது வருடம். கோரை போய்விட்டதா என்று தெருவில் யாராவது கேட்டால் லேப் அக்கா முகத்தைச் சுளிப்பாள். போகவில்லை. ஒவ்வொரு மழைக்கும் இருபது, முப்பது. தகடு சேரும் இடுக்கு வழியாக வாத்தியார் வீட்டிலிருந்து வருவது ஐந்தாறு. காலையில் ஒன்பது மணி வரை பாத்தி, அதற்கு மேல் கையைக் கழுவிவிட வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் அதை மீறுகிறாள். ரோஜா புதிதாக நான்கு வைத்து இரண்டு பிடித்திருக்கிறது. லில்லி நூறைத் தாண்டிவிட்டது. மழைக்கு மறுநாள் வாசலில் நிற்பவர்கள் பூவைப் பார்க்கிறார்கள். அவள் கண் இன்னும் பூவுக்கு நடுவில்தான் போகிறது.

போன வியாழன் மழை விட்டு இரண்டாம் நாள். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. ஒரே ஒரு நிமிடம் என்று குனிந்தவள் நான்கு முளையைக் கண்டாள். மூன்று ஒழுங்காக வந்தன. நான்காவது செம்பருத்தியின் தூருக்குள் புகுந்து முளைத்திருந்தது. முள்கரண்டியைக் குத்த இடமில்லை. விரலை விட்டு நெகிழ்த்தி, மூச்சைப் பிடித்து இழுத்தாள்.

பட்.

முப்பத்தொரு வருட ஆஸ்பத்திரி வேலையில் யாரும் அவள் வாயிலிருந்து கேட்டிராத ஒரு வார்த்தையைச் சொன்னாள். வாத்தியார் வீட்டு நாற்காலி கிறீச்சிட்டது. டிரைவர் கேட்டுக்கு வெளியே பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"அறுந்துடுச்சு."

"அது எங்க போயிடப் போவுது? வா, நேரமாச்சு."

அதுதானே கஷ்டம், அது எங்கேயும் போகாது என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் ஒரு குச்சியை அந்த இடத்தில் நட்டு அடையாளம் வைத்தாள். தொட்டியடியில் கை கழுவினாள். பஸ்ஸில் அவர் அவளுக்கு ஜன்னல் இருக்கையை விட்டுக்கொடுத்தார். அவள் கைப்பையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து, பத்து விரலிலும் நகக்கண்ணில் இருந்த மண்ணை ஒவ்வொன்றாகக் குடைந்து எடுத்தாள். மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகுதான் தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தாள்.